ஓர் இணைப்பு, மூன்று வீடுகள்



லயத்தில் குழாய்த் தண்ணீர் நின்றுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் நம் வீட்டுக் குழாயைத் திறந்து பார்க்கிறோம். அடுத்து, பக்கத்து வீட்டில் தண்ணீர் வருகிறதா என்று கேட்கிறோம். அங்கும் வரவில்லை என்றால், குழாய் போகும் வழியே நடந்து மேட்டிலுள்ள தொட்டி வரை போய்ப் பார்க்கிறோம். தண்ணீர் எதுவரை வருகிறது, எங்கே நின்றுபோயிற்று என்று தெரிந்துவிட்டால் போதும். பழுது அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். இந்த அறிவை நாம் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை, வாழ்க்கையில் கற்றுக்கொண்டோம்.

ஆனால் வீட்டில் இணையம் நின்றுவிட்டால் இந்த நிதானம் நமக்கு வருவதில்லை. கம்பிகளைப் பிடுங்குகிறோம், பெட்டியைத் தட்டுகிறோம், பிள்ளையை ஏசுகிறோம், சில வேளைகளில் பக்கத்து வீட்டாரையும் ஏசுகிறோம். ஓர் இணைப்பைப் பல வீடுகள் ஒரு லினக்ஸ் கணினி வழியாகப் பகிர்ந்துகொள்ளும்போது, பழுதை எப்படித் தேடுவது என்பதை இன்றைய உரையில் காண்போம்.

லினக்ஸ் என்பது என்ன? கணினிக்குள் இருந்துகொண்டு அதன் எல்லா வேலைகளையும் நடத்திவைக்கும் ஓர் இயங்குதளம். 1991-ஆம் ஆண்டில், ஃபின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தின் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் இதன் மையப் பகுதியை எழுதி, எவரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டார். உலகெங்கும் உள்ள பலர் சேர்ந்து அதை வளர்த்தார்கள். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற வடிவங்களில் அது இன்று காசில்லாமல் கிடைக்கிறது. புதிய விண்டோஸைத் தாங்க முடியாத பழைய கணினியும், எடை குறைந்த லினக்ஸ் வடிவம் ஒன்றை ஏற்றினால் மறுபடி வேலைக்கு வந்துவிடும்.

இதன் அருமையை நமக்கு உணர்த்தியது 2020-ஆம் ஆண்டு. அவ்வாண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளிக் கதவுகள் மூடின. பாடம் இணையத்துக்குப் போனது. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளும் ஒரே ஒரு கைப்பேசியும் இருந்தால் யார் படிப்பது, யார் காத்திருப்பது? அப்போது பல பெற்றோர் பழைய கணினிகளைத் தேடி வாங்கினார்கள். கணினி கிடைத்தது, இணைப்பு வேண்டுமே! ஓர் இணைப்பைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் அப்படித்தான் நம் லயங்களில் வேரூன்றியது.

நாங்கள் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். எங்கள் பள்ளிக்கு அருகில் ஒரு லயம் இருக்கிறது. பள்ளத்தில் இருப்பதால், கோடி வீட்டு ஜன்னல் ஓரத்தில் மட்டுமே கைப்பேசிக்கு லைன் கிடைக்கும். வரிசையாக உள்ள மூன்று வீட்டார் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஜன்னலோரம் ஒரு கைப்பேசி. அதிலிருந்து ஒரு கம்பி கோடி வீட்டுப் பழைய லினக்ஸ் கணினிக்குப் போகிறது. அந்தக் கணினியிலிருந்து சிறிய சுவிட்ச் பெட்டி வழியாக, கூரை ஓரமாக அடுத்த இரண்டு வீடுகளுக்கும் கம்பி ஓடுகிறது. மாதச் செலவு மூன்று பங்கு. தொழிற்கல்வி படிக்கும் கோடி வீட்டுப் பையன்தான் எல்லாவற்றையும் அமைத்தவன்.

ஒரு நாள் மாலை பெருமழை, இடி. மின்சாரம் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தது. கோடி வீட்டில் இணையம் வந்துவிட்டது. மற்ற இரண்டு வீடுகளிலும் வரவில்லை. நடுவீட்டுத் தந்தை வாசலில் நின்று கேட்டார். "எனக்கு நல்லாத்தானே வருது, மாமா!" என்று பையன் சொன்னான். அவன் உள்ளதைச் சொன்னான்; அவர் காதில் அது ஏளனமாக விழுந்தது. அந்த மாதப் பங்குப் பணத்தைக் கொடுக்க அவருக்குச் சில நாள் தாமதமாகியிருந்தது. "காசு தாமதம் என்று கம்பியை வெட்டிவிட்டாயா?" என்று அவர் சத்தம் போட்டார். பையனின் தாயார் பதில் பேசினார். பேச்சு தடித்தது. "இனி யாரும் அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது" என்று தந்தை தம் வீட்டாருக்குக் கட்டளையிட்டுவிட்டார்.

அவருடைய மகள் எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவள். மெட்ரிகுலேஷன் கல்விக்கு அவள் இணையம் வழியாக விண்ணப்பம் அனுப்ப வேண்டும். அதற்கான கடைசி நாள் அன்றைக்குத்தான்! கோடி வீட்டில் போய் அமர்ந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். தந்தை சொல்லை மீற முடியாமல், அந்தப் பிள்ளை இருட்டில் குடை பிடித்துக்கொண்டு ஆசிரியர் குடியிருப்புக்கு ஓடிவந்தாள். ஆசிரியர்கள் நாங்கள் இருவர் அவளோடு புறப்பட்டோம்.

நாங்கள் அங்கே செய்ததைச் சொல்லும் முன், இணையத்தை எப்படிப் பகிர்கிறோம் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நாள்களில் தோட்டத்துக்கு வரும் கடிதம் எல்லாம் தோட்ட ஆபீஸ் முகவரிக்கே வரும். ஊரில் இருப்பவருக்கு நம் லயம் எது, வீட்டு எண் எது என்று தெரியாது. ஆபீஸ் கிராணிக்குத் தெரியும். வெளியே போகும் கடிதத்தையும் அவரே வாங்கி, ஆபீஸ் முகவரி போட்டு அனுப்புவார். பதில் வந்ததும், இது எந்த வீட்டாருக்கு உரியது என்று பார்த்து ஒப்படைப்பார்.

பகிர்வுக் கணினி செய்வது இந்தக் கிராணி வேலைதான். ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் முகவரி உண்டு. 192.168 என்று தொடங்கும் எண்களும், 10 என்று தொடங்கும் எண்களும், 172.16 முதல் 172.31 வரை தொடங்கும் எண்களும் உள்வீட்டுப் பயனுக்கு என்றே ஒதுக்கப்பட்டவை. 1996-ஆம் ஆண்டு விதி இதை வகுத்திருக்கிறது. இந்த எண்கள் வெளி உலகில் செல்லுபடியாகா. ஆகவே பகிர்வுக் கணினி இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். ஒன்று, ஒரு பக்கம் வந்ததை மறு பக்கம் திருப்பிவிட வேண்டும். மற்றொன்று, உள்வீட்டு எண்ணை மறைத்துத் தன் எண்ணைப் போட்டு அனுப்பி, பதிலை உரியவரிடம் சேர்க்க வேண்டும். இந்த இரண்டில் எது நின்றாலும் கிராணியின் மேசையிலேயே கடிதங்கள் தங்கிவிடும்.

இனி, பழுது தேடும் முறைக்கு வருவோம். ஒரு கை விரல் ஐந்து, சோதனையும் ஐந்து. எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்: கம்பி, எண், கிராணி, வெளி உலகம், பெயர். அருகிலிருந்து தூரத்துக்குப் போக வேண்டும். வரிசை மாறக் கூடாது.

முதல் விரல், கம்பி. கணினியின் பின்புறம் கம்பி செருகும் இடத்தில் சிறு விளக்கு எரிகிறதா? சுவிட்ச் பெட்டியில் நம் கம்பிக்கு உரிய விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் கம்பியைக் கழற்றி மறுபடி செருகுங்கள். வேறு கம்பியைப் போட்டுப் பாருங்கள். கூரை ஓரம் எலி கடித்திருக்கலாம், முனை துருப்பிடித்திருக்கலாம். இத்தகைய கம்பி ஒரே நீளமாக 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாம் விரல், எண். உபுண்டு, மின்ட் கணினிகளில் கண்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் என்னும் கட்டளைத் திரை வரும். அதில் 'ஐபி' என்று தட்டி, ஓர் இடம் விட்டு, 'அட்ரஸ்' என்று ஆங்கிலத்தில் முழுமையாகத் தட்டுங்கள். நம் கணினியின் எண் தெரியும். எண்ணே இல்லை என்றாலும், 169.254 என்று தொடங்கினாலும், எண் வழங்க வேண்டிய கணினியிடமிருந்து நமக்கு எண் கிடைக்கவில்லை என்று பொருள். பகிர்வுக் கணினி ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நம் கணினியின் இணைப்பை நிறுத்தி, மறுபடி தொடக்குங்கள்.

மூன்றாம் விரல், கிராணி. 'ஐபி' என்று தட்டி, இடம் விட்டு, 'ரூட்' என்று தட்டினால், 'டிஃபால்ட்' என்ற சொல்லோடு தொடங்கும் ஒரு வரி இருக்க வேண்டும். வெளியே போக நம் கணினி யாரிடம் செல்கிறது என்பதை அந்த வரி சொல்லும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, 'பிங்' என்று தட்டி, இடம் விட்டு, அந்த எண்ணைத் தட்டுங்கள். பிங் என்பது, "இருக்கிறாயா?" என்று கூப்பிட்டுப் பார்க்கும் கட்டளை. 1983-ஆம் ஆண்டில் அமெரிக்கரான மைக் மூஸ் எழுதியது. மறு கணினி பதில் கொடுத்தால் வரி வரியாக வரும். லினக்ஸில் அது தானாக நிற்காது. கண்ட்ரோல், சி இரண்டையும் சேர்த்து அழுத்தி நிறுத்த வேண்டும். பதில் இல்லை என்றால், வெளி உலகத்தைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். பழுது நம் வீட்டுக்கும் கிராணிக்கும் இடையில் இருக்கிறது.

நான்காம் விரல், வெளி உலகம். 'பிங்' என்று தட்டி 8.8.8.8 என்ற எண்ணைக் கொடுங்கள். கூகுள் நிறுவனம் 2009 முதல் எல்லாருக்கும் பொதுவாக நடத்திவரும் பெயர்ச் சேவையின் எண் அது. நினைவில் நிற்பதற்கும் எளிது. முதலில் பகிர்வுக் கணினியில் உட்கார்ந்து இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். பிறகு நம் கணினியில் செய்ய வேண்டும். இரண்டிலும் பதில் இல்லை என்றால், குறை கைப்பேசியிலோ சேவையிலோ இருக்கிறது. தரவு தீர்ந்திருக்கலாம். சில திட்டங்களில் கைப்பேசிக்கு ஓர் அளவும், பகிர்வதற்கு வேறோர் அளவும் உண்டு. பகிரும் அளவு மட்டும் தீர்ந்துபோவதும் நடக்கும். பகிர்வுக் கணினியில் பதில் வந்து, நம் கணினியில் வரவில்லை என்றால், கிராணி நம் கடிதத்தைத் திருப்பிவிடவில்லை.

ஐந்தாம் விரல், பெயர். 8.8.8.8 பதில் தருகிறது. ஆனால் எந்த இணையப் பக்கமும் திறக்கவில்லை. அப்போது 'பிங்' என்று தட்டி ஒரு பக்கத்தின் பெயரைக் கொடுங்கள். 'டெம்பரரி ஃபெயிலியர் இன் நேம் ரெசொலூஷன்' என்று வந்தால், பாதை சரியாக இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றித் தருபவர்தான் கிடைக்கவில்லை. ஆளைத் தெரியும், அவர் முகவரி தெரியாது என்பது போன்ற நிலை. இணைப்பின் அமைப்புப் பக்கத்தில் ஐ.பி.வி.4 என்ற பகுதியில், டி.என்.எஸ். என்று குறித்த இடத்தில் 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ எழுதிச் சேமித்து, இணைப்பை நிறுத்தித் தொடக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இந்த ஐந்து விரல்களையும் கொண்டு அன்றிரவு நாங்கள் நடுவீட்டில் சோதித்தோம். கம்பி விளக்கு எரிந்தது. எண் 192.168.10.12 என்று சரியாக இருந்தது. கிராணியான 192.168.10.1 உடனே பதில் கொடுத்தது. "பாருங்கள், கம்பியை யாரும் வெட்டவில்லை. வெட்டியிருந்தால் இந்தப் பதில் வந்திருக்காது" என்று நடுவீட்டுத் தந்தையிடம் சொன்னோம். அவர் பேசவில்லை. அடுத்து 8.8.8.8-ஐக் கூப்பிட்டோம். பதில் இல்லை.

அவரையும் அழைத்துக்கொண்டு கோடி வீட்டுக்குப் போனோம். முதலில் தயங்கினார், மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே 8.8.8.8 பதில் கொடுத்தது. ஆகவே, தண்ணீர் தொட்டி வரை வந்துவிட்டது, தொட்டியிலிருந்து இறங்கவில்லை. லினக்ஸ் கணினியில், ஒரு பக்கம் வந்ததை மறு பக்கம் திருப்பிவிடலாமா என்பதற்கு 'ஐ.பி. ஃபார்வர்ட்' என்ற பெயரில் ஒரு சிறு கோப்பு உண்டு. அதில் 1 என்று இருந்தால் திருப்பிவிடும். 0 என்று இருந்தால் திருப்பிவிடாது. திறந்து பார்த்தோம். 0 என்று இருந்தது.

பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவனுக்குப் புரிந்துவிட்டது. முதல் நாள் அமைத்தபோது அந்த 1 என்ற எண்ணைக் கட்டளைத் திரையில் கையால் கொடுத்திருந்தான். அப்படிக் கொடுப்பது கணினி ஓடும் வரையில்தான் நிற்கும். மின்சாரம் போய், கணினி மறுபடி எழுந்தபோது, பழையபடி 0 ஆகிவிட்டது. யாரும் சொல்லாமல் பிறருடைய போக்குவரத்தைத் திருப்பிவிடக் கூடாது என்பது லினக்ஸின் இயல்பான ஒழுங்கு. முகவரி மாற்றும் விதியையும் அவன் அவ்வாறே கையால் எழுதியிருந்ததால், அதுவும் மறைந்துவிட்டது. எண் வழங்கும் வேலை மட்டும் தானாகத் தொடங்கும்படி அமைந்திருந்தது. அதனால்தான் மற்ற வீடுகளில் எண்ணும் இருந்தது, கிராணியின் பதிலும் வந்தது, இணையம் மட்டும் இல்லை.

பையன் இரண்டையும் மறுபடி தட்டினான். நடுவீட்டிலிருந்து, "வந்துடுச்சு!" என்று பெண்ணின் குரல் கேட்டது. நடுவீட்டுத் தந்தை சிறிது நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தம்பி, நான் உன்னை என்னவெல்லாமோ பேசிவிட்டேன்" என்றார். "பரவாயில்லை மாமா. நான் எழுதி வைத்திருக்க வேண்டும்" என்றான் அவன். விண்ணப்பம் அன்றிரவே போய்ச் சேர்ந்தது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். 'அவர்கள் வீட்டில் வருகிறது, நம் வீட்டில் வரவில்லை' என்பது கண்ணால் கண்ட உண்மைதான். அதிலிருந்து, 'அவர்கள் வெட்டிவிட்டார்கள்' என்று முடிவு கட்டியதுதான் பிழை. நடுவே ஓர் இயந்திரம் இருப்பதை அவர் மறந்துவிட்டார்.

மறுநாள் பையனோடு அமர்ந்து இதற்கு நிலையான வழியைச் செய்தோம். கையால் எழுதிய பழைய ஏற்பாடுகளை நீக்கினோம். லினக்ஸின் இணைப்பு அமைப்புப் பக்கத்தில், வீடுகளுக்குப் போகும் கம்பி இணைப்பைத் திறந்து, ஐ.பி.வி.4 பகுதியில் 'மற்றக் கணினிகளோடு பகிர்' என்று பொருள்படும் முறையைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தோம். இனி அந்த இணைப்பு எழும் ஒவ்வொரு முறையும், எண் வழங்குதல், திருப்பிவிடுதல், முகவரி மாற்றுதல் ஆகிய மூன்றும் தாமாக நடக்கும். இம்முறையில் உள்வீட்டு எண்கள் வழக்கமாக 10.42.0 என்று தொடங்கும். ஆகவே எண் மாறிவிட்டதே என்று மிரள வேண்டாம்.

வேறு இரண்டு பழுதுகளையும் சொல்லிவிடுகிறோம், அடிக்கடி வருபவை. கைப்பேசியோ மோடமோ கொடுக்கும் எண்களும், உள்வீட்டில் நாம் வழங்கும் எண்களும் ஒரே வரிசையில், எடுத்துக்காட்டாக இரண்டு பக்கமும் 192.168.1 என்று இருந்தால், எந்தப் பக்கம் அனுப்புவது என்று பகிர்வுக் கணினி குழம்பும். ஒரு பக்கத்து வரிசையை மாற்ற வேண்டும். அடுத்தது, பழைய கணினிக்குள் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்தால் நாளும் நேரமும் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். அப்போது பிங் பதில் தரும். ஆனால், பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று இணையப் பக்கங்கள் மறுக்கும். நாளைத் திருத்தினால் போதும். பேட்டரியை மாற்றினால் இன்னும் நல்லது.

முடிவாக, மூன்று பழக்கங்கள். ஒன்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். பயன் இல்லை என்றால் பழையபடி வைத்துவிடுங்கள். பத்தை ஒன்றாக மாற்றினால் எது மருந்து, எது நோய் என்று தெரியாது. இரண்டு, ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எந்தக் கம்பி எந்த வீட்டுக்கு, எந்த எண் யாருக்கு, எந்த நாளில் என்ன மாற்றினோம் என்று எழுதுங்கள். அமைத்த பையன் வேலைக்கு வெளியூர் போய்விட்டாலும், வீட்டிலிருக்கும் தாயாரே எடுத்துப் பார்க்க முடியும். மூன்று, இடி மின்னல் தொடங்கும்போது எல்லா வீட்டாருக்கும் சொல்லிவிட்டுக் கம்பிகளையும் மின் இணைப்பையும் கழற்றுங்கள். சொல்லாமல் கழற்றினால் பொருள் தப்பும், உறவு தப்பாது.

அந்த லயத்தில் சில வாரங்கள் கழித்து மறுபடி மின்சாரம் போனது. திரும்பி வந்ததும் கணினி தானாக எழுந்தது. கைப்பேசியில் பகிரும் பொத்தானை மட்டும் ஒரு முறை தட்ட வேண்டியிருந்தது. மூன்று வீட்டிலும் இணையம் வந்தது. அந்தப் பொத்தானைத் தட்டியவர் நடுவீட்டுத் தந்தை. கோடி வீட்டில் ஆணியில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. அதன் முதல் பக்கத்தில் ஐந்து விரல்களையும் வரைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொல் எழுதியிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பக்கத்தைப் பிள்ளைகளைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள். கம்பி, எண், கிராணி, வெளி உலகம், பெயர்.